கல்லிற் பொறித்த பிறந்தநாள்

உலகில் மக்கள் தாம் பிறந்த நாளைப் போற்றுதலும், பெரியோர் பிறந்த நாளை ஆராய்ந்தறிய விரும்புதலும் இயல்பாம். சோதிட நூலிற் பயிற்சியுடையார்க்கு இவ்விருப்பம் ஏனையோரினும் மிகுதி. முடிமன்னர், புலவர், நாட்டுத் தலைவர் முதலாயினார் பிறந்த யாண்டு, திங்கள், நாள், நாழிகை, ஊர் ஆகியவற்றைத் திரட்டி, இன்ன கோள் இன்ன இராசியில் நின்றமையால் இன்னார் இன்ன பேறு எய்தினார் என்று பொருத்திக் காட்டும் ஏடுகள் பல இக்காலத்து உலவுகின்றன. அண்மையில் அன்பரொருவர் எம்மிடம் கொணர்ந்து காட்டிய ஏடொன்றில், கங்கைகொண்ட சோழபுரத்தை அமைத்த முதலாம் இராசேந்திர சோழனுடைய சாதகம் இலக்கினத்தோடும் நாழிகையோடும் எழுதப்பெற்றிருந்தது. கண்டு வியந்தோம். எம் வியப்பு அம்மன்னனது சாதகச் சிறப்பைப் பற்றியதன்று. அந்நாழிகை எங்கிருந்து கிடைத்தது என்பதைப் பற்றியதே.

கங்கைகொண்ட சோழபுரம் இன்று அரியலூர் மாவட்டத்து உடையார்பாளையம் வட்டத்திலே உள்ளது. எளியேன் பிறந்த சிற்றூரும் அவ்வட்டத்ததே. சோழப் பேரரசின் தலைநகராய் இரண்டரை நூற்றாண்டு விளங்கிய அவ்வூரின் திருக்கோயிலை அறியாதார் சைவருள் இலர். அதனை எடுப்பித்த இராசேந்திரன் திருவாதிரை நாளிற் பிறந்தவன் என்பது ஆராய்ச்சியாளர்க்கு முன்னமே தெரிந்த செய்தி. திருவாதிரை என்றவுடன் நம்மனோர் நெஞ்சு மார்கழிக்கே செல்லும். தில்லைக் கூத்தன் திருநாள் அதுவாகலின். அவ்வாறே அவன் பிறந்தது மார்கழித் திருவாதிரை என்று நெடுங்காலம் எழுதியும் பேசியும் வந்தனர். பின்னர்த் திருவாரூர்த் தியாகராசர் திருக்கோயிற் கல்வெட்டொன்று அக்கருத்தை மாற்றியது. தான் பிறந்தது ஆடித் திங்கள் திருவாதிரை என்றும், தன் தந்தை பிறந்தது ஐப்பசிச் சதயம் என்றும் மன்னன் கூற்றாகவே அதிற் காணப்படுகின்றது. மன்னன் வாய்மொழியினும் சிறந்த சான்று வேறு யாது வேண்டும்? தமிழ்நாட்டரசு ஆடித் திருவாதிரையை அரசு விழாவாக 2021-ஆம் ஆண்டில் அறிவித்தது. 2025-இல் ஜூலை 23 முதல் 27 வரை கங்கைகொண்ட சோழபுரத்தில் நிகழ்ந்த விழாவின் நிறைவு நாளில் இந்தியப் பிரதமர் வந்து வழிபட்டு, அம்மன்னன் பெயரால் நினைவு நாணயமும் வெளியிட்டனர்.

மார்கழியோ ஆடியோ, நாள்மீன் ஒன்றுதானே, இதனால் வரும் வேறுபாடு யாது எனின், சோதிட நூலார்க்கு இது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடாம். என்னை? மார்கழியிற் கதிரவன் தனு இராசியில் நிற்பன். திருவாதிரை மிதுனத்து நாள்மீன். தனுவுக்கு நேரெதிர் மிதுனம். ஆகவே மார்கழித் திருவாதிரை வளர்பிறைச் சதுர்த்தசி முதல் தேய்பிறைத் துவிதியை வரையுள்ள நான்கு திதிகளுள் ஒன்றிலேயே அமையும். மதி நிறைந்த நிலையது. ஆடியிலோ கதிரவன் கடகத்தில் நிற்ப, திங்கள் அதற்கு முந்திய மிதுனத்தில் நிற்றலின், ஆடித் திருவாதிரை தேய்பிறை ஏகாதசிக்கு மேல் அமாவாசைக்குள் அமைந்து விடும். 2025-ஆம் ஆண்டில் ஜூலை 23-ஆம் நாள் திருவாதிரை, மறுநாள் அமாவாசை. கல்வெட்டு ஒன்று வெளிப்பட்டமையால் முழுமதியிற் பிறந்தவனாகக் கருதப்பெற்றவன் தேய்ந்த மதியிற் பிறந்தவன் ஆயினான். நிறைமதி நற்கோள் என்றும் தேய்மதி வலியற்றது என்றும் கூறுவது சோதிட நூல். மார்கழிச் சாதகத்தை வைத்து, மதியின் வலியாற் கடாரங்கொண்டான் என்று எழுதியிருப்பார் எவரேனும் உளராயின், அவர் இப்பொழுது யாது எழுதுவார்? தேய்மதியால் வந்த குறையை வேறொரு கோள் நீக்கிற்று என்று எழுதுவார். கடாரம் மாத்திரம் இரண்டு சாதகத்திலும் வெல்லப்பட்டே இருக்கும்.

கல்வெட்டுத் தந்தது திங்களும் நாள்மீனும் மாத்திரமே, யாண்டு தந்திலது. ஆடித் திருவாதிரையோ ஆண்டுதோறும் வருவது. ஆகவே கதிரவன் கடகத்தில், மதி மிதுனத்தில் என்னும் இரண்டே உறுதி. புதன் கதிரவனை விட்டு இருபத்தெட்டுப் பாகைக்கு மேல் விலகாதாகலின், மிதுனம் கடகம் சிங்கம் என்னும் மூன்றனுள் ஒன்றில் நின்றிருத்தல் வேண்டும். வெள்ளி ஏறக்குறைய நாற்பத்தேழு பாகைக்கு மேல் விலகாதாகலின், இடபம் முதற் கன்னி ஈறாகிய ஐந்தனுள் ஒன்றில் நின்றிருத்தல் வேண்டும். சனியும் வியாழனும் செவ்வாயும் பன்னிரண்டு இராசியுள் யாண்டும் நிற்றல் கூடும். இலக்கினம் ஐந்து நாழிகைக்கு ஒருகால் மாறுவது. நவாமிசமோ அதனினும் ஒன்பது மடங்கு விரைவில் மாறுவது. எனவே முழுச் சாதகம் எழுதுவார் தம் உள்ளத்தினின்றே எழுதுகின்றனர் என்பது வெளிப்படை. திருவாதிரையும் சதயமும் சோதியும் இராகு தசையில் தொடங்கும் நாள்மீன்கள். தந்தையும் மைந்தனும் ஆகிய இப்பெருவேந்தர் இருவரும் அத்தசையிற் பிறந்தவர் என்னும் அளவுக்கு வேண்டுமாயின் உறுதியாகக் கூறலாம். இதனைச் சோதிட அன்பர்க்கு எம் சிறு காணிக்கையாகத் தருகின்றோம்.

பிறர் பொய் எழுதினர் என்று கடிந்துரைக்கும் யாம் எம் நிலையையும் சொல்லக் கடவோம். எமக்குப் பிறந்தநாள் இரண்டு. ஒன்று, எம் தந்தையார் பனையோலை நறுக்கில் எழுதி வைத்தது. மற்றொன்று, பள்ளியிற் சேர்த்தபொழுது ஆசிரியர் வயது நிரம்புமாறு தாமே வகுத்து எழுதியது. அக்காலத்து எம்மூர்ப் பிள்ளைகள் பலர் ஒரே திங்களிற் பிறந்தவராய்ப் பள்ளிப் பதிவேட்டில் விளங்கினர். யாம் பணியேற்றதும் ஓய்வு பெற்றதும் ஆசிரியர் தந்த பிறப்பைக் கொண்டே. எமக்கு அறுபதாண்டு நிறைந்தபொழுது எம் மைந்தன், ஓலையின் செய்தி அறியானாய், பள்ளிச் சான்றிதழை எடுத்துச் சென்று சோதிடர் ஒருவரிடம் சாதகம் கணிப்பித்து வந்தான். அச்சோதிடர் எமக்கு இளமையில் நேர்ந்த கடுநோயையும், துறவியர் மடத்துக் கல்வியையும், தாயார் மறைந்த ஆண்டையும் பிழையின்றிக் கூறினார் என்று வீட்டார் வியந்து பாராட்டினர். யாம் வாளா இருந்தோம். எமக்கு உரியதல்லாத நாளைக் கொண்டு எம் வாழ்வு முழுதும் சரியாகச் சொல்லப்பட்டதாயின், சோதிடரின் நுண்ணறிவைப் போற்றலாம். அந்நாளின் வன்மையைப் போற்றுதற்கு இடமில்லை. தந்தையார் எழுதிய நாழிகைதான் பிழையற்றதோ எனின், அதனையும் ஆராய்தல் வேண்டும். சிவன்கோயிலில் அர்த்தசாம மணி ஒலித்தபொழுது பிறந்ததாக ஓலை கூறும். அக்காலத்து எம்மூர்ப் பூசகர் தம் உறக்கத்திற்கு இயைபவே மணியை ஒலிப்பித்தவர் என்பது ஊரார் அறிந்தது.

பழந்தமிழர் நாளைத் துல்லியமாகக் குறிக்கும் ஆற்றல் இல்லாமையாற் பிறந்தநாளைச் சுருக்கி எழுதினர்போலும் என்று கருதல் பெரும்பிழை. தென்பெண்ணைக் கரையிலுள்ள கிராமம் என்னும் ஊரிற் சிவன்கோயிற் கல்வெட்டொன்று உள்ளது. முதலாம் பராந்தக சோழனின் 36-ஆம் ஆட்சியாண்டில், அவன் மைந்தன் இராசாதித்தனது படைத்தலைவனாகிய வெள்ளங்குமரன் என்னும் மலையாளத்தான் எடுப்பித்த கற்றளி அது. கலியுகம் தொடங்கி 4044-ஆம் ஆண்டு என்று சொல்வதோடு அமையாது, அது கலியின் 14,77,037-ஆம் நாள் என்றும், சனிக்கிழமை என்றும் அக்கல்வெட்டுக் குறிக்கின்றது. அந்நாள் கி. பி. 943 சனவரி 14. யாமும் விரல் நோவக் கூட்டிப் பார்த்தோம். நாளும் கிழமையும் தவறவில்லை. பதினான்கு இலக்கத்து எழுபத்தேழாயிரம் நாளை ஒன்றுகூடப் பிசகாது எண்ணி வைத்தவர்க்கு, அரண்மனையிற் பிறந்த குழந்தையின் நாழிகையை எண்ணத் தெரியாதா? தெரியும். எண்ணியும் இருப்பர். ஆயினும் அதனைக் கல்லில் வெட்டினாரல்லர். கல்லில் வெட்டுதற்கு உரியது எது, ஓலையோடு போதற்கு உரியது எது என்னும் பாகுபாடு அவர்பால் இருந்தது.

இக்கல்வெட்டுக் காலக்குறிப்புகளை நம் காலக்கணக்கொடு பொருத்தும் துறையிற் பேருழைப்பு உழைத்த இருவரை நினைத்தல் நம் கடன். ஒருவர் கீல்ஹார்ன் என்னும் செருமானியப் பேரறிஞர். ஆட்சியாண்டு, திங்கள், பக்கம், திதி, கிழமை, நாள்மீன் என்னும் ஆறும் ஒருங்கு பொருந்தும் நாள் அரிதின் வருவதாகலின், பல கல்வெட்டுகளை ஒன்றோடொன்று ஒட்டி வைத்து, இராசராசன் அரியணை ஏறியது கி. பி. 985 ஜூன் 25-க்கும் ஜூலை 25-க்கும் இடையே என்றும், இராசேந்திரன் ஏறியது 1012 மார்ச்சு 27-க்கும் ஜூலை 7-க்கும் இடையே என்றும் அவர் வரையறுத்தனர். மற்றவர் நம் நாட்டு எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளையவர்கள். இவர் கிறித்தவ சமயத்தினர். சென்னைச் சட்டசபையின் தலைவராயும் இருந்தவர். கி. பி. 700 முதல் 1799 வரை ஒவ்வொரு நாளுக்கும் திதியும் நாள்மீனும் கணித்து 1922-இல் அவர் வெளியிட்ட பெருந்தொகுதி இன்றளவும் ஆராய்ச்சியாளர்க்குத் துணையாகின்றது. இவ்விருவரும் செய்தது கவனித்தற்குரியது. இன்ன நாள் என்று துணிய இயலாதவிடத்து, இன்ன நாளுக்கும் இன்ன நாளுக்கும் இடையே என்று எல்லை மாத்திரம் காட்டி நின்றுவிட்டனர். இராசேந்திரனுக்கு நாழிகை கண்டார்க்கு அந்நிறுத்தம் கைவந்திலது.

அற்றேல், கல்லிற் பிறந்தநாள் வெட்டியதன் கருத்து யாது? தொல்காப்பியனார் பாடாண்டிணையில் அரசன் பிறந்தநாள் விழாவிற்குப் பெருமங்கலம் எனப் பெயர் தந்தனர். புறப்பொருள் வெண்பாமாலை அதனை நாண்மங்கலம் என்னும். சினத்தைத் தணித்துப் பகை நீங்கியிருக்கும் நாள் அது. வருவது உரைக்கும் செய்தி அத்துறையில் யாதும் இல்லை. சோழர் காலத்தில் இம்மரபு திருக்கோயிலொடு சேர்ந்தது. தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டுகளில், இராசராசன் பிறந்த சதய நாள் திங்கள்தோறும் ஒன்றாக ஆண்டிற் பன்னிரண்டு நாள் திருவிழாவாகக் கணக்கிடப்பட்டுள்ளது. அந்நாள்களுக்கு வேண்டும் பொருள்கள் அளவோடு வரையறுக்கப்பட்டன. பிறந்தநாள் என்பது, இறைவனுக்கு இன்ன நாளில் இன்ன பொருள் குறைவின்றிச் செல்லுதல் வேண்டும் என்று நிறுத்தற்கு ஒரு முளையாய் நின்றது. அதற்கு நாள்மீன் ஒன்றே போதும், இலக்கினம் வேண்டா. கண்டராதித்தர் தேவியார் செம்பியன் மாதேவியார்க்கு உரிய சித்திரைக் கேட்டை, அவர் பெயரால் அமைந்த ஊரில் இன்றும் போற்றப்படுகின்றது. ஆயிரம் ஆண்டின் மேலும் அந்நாள் மறையாதிருத்தற்குக் காரணம், அது சாதகக் கட்டத்தில் அடைபடாது பூசையில் கலந்தமையே என்பது எம் துணிபு. அத்தேவியாரின் கணவர் பெயர் தாங்கிய கண்டராதித்தம் என்னும் ஊர் அரியலூர் மாவட்டத்துக் கொள்ளிடக் கரையில் உள்ளது.

இனி நாயன்மார் திறம் வேறு. அரசர்க்குப் பிறந்தநாள் எடுத்த நம் முன்னோர், அடியார்க்கு எடுத்தது சிவபெருமான் திருவடி கூடிய நாளையே. திருநாவுக்கரசர்க்குச் சித்திரைச் சதயம், திருஞானசம்பந்தர்க்கு வைகாசி மூலம், மணிவாசகர்க்கு ஆனி மகம், சுந்தரர்க்கு ஆடிச் சோதி என நாம் குருபூசை செய்யும் நாள்கள் யாவும் பேறு பெற்ற நாள்கள். பிறவி வினையால் வருவது. அதனை அறுத்த நாளே கொண்டாடத் தக்கது என்பது சித்தாந்தம். ஆயின் சேக்கிழார் பெருமான் ஓரிடத்துப் பிறந்தநாளை விரித்துரைத்தனர். சம்பந்தப் பிள்ளையார் திருவவதாரம் செய்தது திருவாதிரை நாள் என்றும், அப்பொழுது கதிரவன் முதலாய கோள்கள் அனைத்தும் தத்தம் உச்சத்தில் வலியுடன் நின்றன என்றும் அருளினர். எம் மாணவப் பருவத்தில் ஆதீனத்துப் பாடசாலையில் இப்பகுதி பாடம் நடந்தபொழுது, சோதிடமும் கற்ற மாணவர் ஒருவர் எழுந்து ஒரு தடை நிகழ்த்தினார். மதியின் உச்சம் இடபம், திருவாதிரையோ மிதுனம். கதிரவன் உச்சமாகிய மேடத்தில் நிற்கும்பொழுது புதன் தன் உச்சமாகிய கன்னியில் நிற்றல் வானத்தில் நிகழாதது. ஆகவே கோள் அனைத்தும் உச்சம் பெறுதல் எவ்வாறு கூடும் என்றார். வான்மீகியாரும் இராமபிரான் பிறப்பிற்கு ஐந்து கோளே உச்சம் என்றனர் அல்லவோ என்றும் கேட்டார்.

எம் ஆசிரியர் சினந்திலர். தடை தக்கதே என்றனர். பின்னர், சேக்கிழார் ஈண்டுப் பஞ்சாங்கம் எழுதப் புகுந்தாரல்லர். கோளின் நிலையாற் குழந்தைக்குச் சிறப்பு வந்தது என்பது அவர் கருத்தாயின் உன் தடை நிற்கும். குழந்தையின் வரவாற் கோள்களுக்கு உயர்வு வந்தது என்பதே கருத்தாயின் நில்லாது. அப்பிள்ளையாரே பின்னர் மறைக்காட்டிலிருந்து மதுரைக்கு எழுந்தருளும்பொழுது, நாளும் கோளும் நல்லன அல்ல என்று அப்பரடிகள் தடுத்ததற்கு விடையாகக் கோளறு திருப்பதிகம் அருளினர். இரண்டிடத்தையும் ஒருங்கு வைத்துப் பார் என்று கூறி அமர்ந்தனர். அம்மாணவர் அன்று முழுதும் உடன்பட்டாரல்லர். எமக்கும் அத்தடை இன்னும் முற்றும் அகன்றதில்லை. ஆயினும் ஆசிரியர் காட்டிய வழியே பொருந்துவதாகத் தோன்றுகின்றது.

கங்கைகொண்ட சோழபுரத்துத் திருக்கோயிலின் மகாமண்டபத்தில் ஒரே கல்லிற் செய்த ஒன்பான் கோள்களின் வடிவம் ஒன்று உண்டு. நடுவே விரிந்த தாமரை, கதிரவன் தேர், சுற்றிலும் ஏனைய கோள்கள். சாளுக்கிய நாட்டுச் சிற்பமுறை அதிற் காணப்படுதலின் வென்ற நாட்டினின்று கொணரப்பட்டது என்பர் சிற்பநூலார். அவ்வூர்க்குச் செல்லும் சோதிட அன்பர் பலர் அதனை வலம் வந்து, பெருவுடையாரைக் காணாது திரும்புதலும் உண்டு. இதனைக் கண்ணாற் கண்டு வருந்தியிருக்கின்றோம். கோள்கள் இருக்குமிடம் மண்டபம்; மன்னன் கட்டியது கருவறைக்கு.

மனிதர் பிறப்பே யன்றி நிகழ்ச்சிகளின் காலத்தையும் இவ்வன்பர் தொகுக்கின்றனர். எம் பகுதியில் அவர் தவறாது குறிப்பது 1956 நவம்பர் 23-ஆம் நாள். அன்று விடியற்காலை, பெருமழையால் மருதையாறு பெருகிப் பாலத்தருகே கரை அரிக்கப்பட்டமையின், சென்னையினின்று தூத்துக்குடிக்குச் சென்ற விரைவு வண்டி அரியலூர்க்கு அணித்தே ஆற்றில் வீழ்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டார் மாண்டனர். எம் தந்தையார் அக்காட்சியைச் சென்று கண்டவர். அதனைப் பற்றி வினவினால் விடை கூறாது எழுந்து செல்வர். நூறு பேர்க்கும் நாள்மீன் வேறு, இலக்கினம் வேறு, தசை வேறு. முடிவு மாத்திரம் ஒன்றாயது எங்ஙனம்? நாட்டிற்கும் ஊர்க்கும் வரும் கேடு தனியொருவர் சாதகத்தை மேற்கொள்ளும் என்பது சோதிட நூலாரது விடை; கி. பி. 6-ஆம் நூற்றாண்டின் வராகமிகிரர் நாட்டுக் கேட்டுக்குரிய குறிகளைத் தனியே நூல் செய்தனர். சித்தாந்த நூலாரது விடை வேறு. பிணியும் மூப்பும் சாவும் உள்ளிட்ட ஆறும் வினைக்கீடாகக் கருவிலேயே அமைந்தன எனச் சிவஞான சித்தியார் கூறும். கருவில் அமைந்ததைப் பின்னர்ப் பிறக்கும் நாழிகை ஆக்குதல் இயலாது; காட்டுதல் வேண்டுமாயின் இயலலாம். அந்நாளில் இருப்புப்பாதை அமைச்சராயிருந்த லால் பகதூர் சாஸ்திரியார், அவ்விபத்திற்குத் தாம் பொறுப்பென்று கூறிப் பதவியைத் துறந்தனர். கோளின்மேல் ஏற்றிச் சொல்லுதல் அவர்க்கு எளிதாயிருந்திருக்கும்.

அதே நவம்பர் 23-ஆம் நாள், 2007-இல், அரியலூர் தனி மாவட்டம் ஆயிற்று. இரண்டும் வெள்ளிக்கிழமை. இதனைக் கண்ட அன்பரொருவர் எம்மிடம் வந்து நடுக்கத்தோடு கூறினார். யாம் அவர்க்கு ஆங்கிலத் தேதி ஒன்றாதல் வானத்திற்கு ஒன்றாதல் அன்று என்று காட்டினோம்: 1956-இல் அன்று பௌர்ணமி கழிந்து ஐந்து நாள் ஆகியிருந்தது; 2007-இல் அது பௌர்ணமிக்கு முந்திய நாள். மேலும் அரியலூர் மாவட்டம் முதலிற் பிறந்தது 2001 சனவரி 1. அடுத்த ஆண்டு மார்ச்சுத் திங்களிற் பெரம்பலூரோடு மீண்டும் சேர்க்கப்பட்டு, 2007-இல் இரண்டாமுறை பிரிந்தது. இவ்விரண்டனுள் எப்பிறப்பிற்குச் சாதகம் எழுதுவது? தாயாகிய பெரம்பலூர் மாவட்டமே 1995-இல் திருச்சிராப்பள்ளியினின்று பிரிந்தது. பெரம்பலூர்ப் பகுதியிற் சாத்தனூரில் பன்னிரண்டு கோடி ஆண்டுக்கு முன் நின்ற மரமொன்று கல்லாய்க் கிடக்கின்றது. 1940-இல் நிலநூலறிஞர் எம். எஸ். கிருட்டிணன் அதனை ஆராய்ந்து வெளிப்படுத்தினார். அதற்கு மாத்திரம் இன்னும் எவரும் நாள்மீன் கண்டிலர்.

நாள்களைக் காத்தல் எவ்வாறு என்பதற்கு எம் பகுதியிலேயே இரண்டு நிகழ்ச்சிகள் உள்ளன. மூவர் பாடலும் பெற்ற திருமழபாடியில், பழைய திருவிமானத்தை எடுத்துப் புதிதாகக் கட்டுமாறு இராசராசன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். அவ்விமானத்தின் கற்களில் முன்னோர் செய்த அறங்கள் நாளோடும் அளவோடும் வெட்டப்பட்டிருந்தன. இடிக்கு முன்னர் அவற்றை எல்லாம் புத்தகத்தில் எழுதிக்கொள்ளச் செய்தனர். இராசராசன் மறைந்தான், கட்டடம் முடிந்தது, இராசேந்திரனின் 14-ஆம் ஆண்டில், புத்தகத்தில் இருந்தவாறே அவை புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் அந்த ஏட்டைக் கரையானுக்கும் கைதவத்துக்கும் தப்புவித்துக் காத்தவர் இன்னார் என்று நமக்குத் தெரியாது. அவர் தம் கருத்தொன்றை அதில் நுழைத்து, ஓர் அறத்தைத் தம் சுற்றத்தார் பெயரில் ஏற்றியிருப்பின் யார் கண்டறிவார்?

மற்றது கங்கைகொண்ட சோழபுரத்தில் நிகழ்ந்தது. 1836-இல் ஆங்கிலக் கம்பெனியார் அணைக்கரையிற் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டினர். கல் வேண்டியிருந்தது. அண்மையில் இருந்தது இராசேந்திரன் கோயிலின் திருமதில். ஊரார் தடுத்தனர், கன்மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் எழுப்பித் தருவோம் என்று கூறி அவர்களை அடக்கினர் என்று 1855-இல் வெளிவந்த நாட்டு விவரநூல் ஒன்று கூறுகின்றது. அங்கே புத்தகம் ஒன்றும் எழுதப்படவில்லை. எழுத்துடைய கற்களும் அணையோடு சென்றிருத்தல் கூடும். அக்கோயிற் சுவரில் இன்று காணும் பெரிய கல்வெட்டு வீரராசேந்திரன் காலத்தது. கட்டிய மன்னன் பிறந்தநாளை அறிய நாம் திருவாரூர்க்குச் செல்ல வேண்டியதாயிற்று.

இக்கட்டுரைக்குத் தூண்டுதலாயிருந்த ஏட்டை உடைய அன்பரிடம், இராசேந்திரன் பக்கத்தில் இலக்கினமும் நாழிகையும் உள்ள இடத்தை அடித்துவிட்டு, ஆடித் திருவாதிரை, திருவாரூர்க் கல்வெட்டு என்று மாத்திரம் எழுதிக்கொள்ளுமாறு வேண்டினோம். கட்டம் வெறுமையாய் இருந்தால் வாங்குவார் குறைவர் என்றார். பின்னர் எம் எதிரேயே இலக்கினத்தை மாத்திரம் அடித்தார். நாழிகையை அடிக்க மனம் வரவில்லை.

யாம் வீடு திரும்பி, தந்தையாரின் ஓலை நறுக்கை எடுத்து, எழுத்து மங்கும் முன் ஒரு குறிப்பேட்டில் உள்ளவாறே பெயர்த்தெழுதினோம். அதன் கீழே பள்ளிச் சான்றிதழில் உள்ள நாளையும் எழுதி, இஃது ஆசிரியர் வகுத்தது என்று குறித்தோம். நாழிகைக்கு எதிரே, அர்த்தசாம மணி, பூசகர் உறக்கத்திற்கு உட்பட்டது என்றும் எழுதி, ஏட்டை மைந்தனிடம் கொடுத்தோம்.